தேறலும் கருவாடும்

றைன் நதியும் அதனோடு வந்து கலக்கும் மோசல் நதியும் பாயும் ஜேர்மானியப் பள்ளத்தாக்குகளிலே றீஸ்லிங் என்றொரு திராட்சை விளைகிறது. சிலேற்றுக் கல் சிதறிக் கிடக்கும் செங்குத்தான மலைச்சரிவுகளில், மனிதன் நிமிர்ந்து நிற்பதே அரிதாகிய இடங்களில், அதனைப் பயிரிடுகிறார்கள். 1435ஆம் ஆண்டு மார்ச் 13ஆந் திகதி இடப்பட்ட ஒரு பிரபுவின் வீட்டுக் கணக்கிலே இக்கொடியின் பெயர் முதன்முதலாகக் காணப்படுகிறதென்று அந்நாட்டார் பெருமையோடு சொல்வர். ஒரு கொடிக்குப் பிறந்தநாள் குறித்து வைத்திருக்கும் மக்கள் அவர்கள். அத்திராட்சையினின்றும் வடிக்கும் வெள்ளை மதுவைப்பற்றி எழுதப்பட்ட நூல்கள் பல. அவற்றைப் புரட்டிப் பார்த்தால் ஒரு விந்தை புலப்படும். மதுவைப் பற்றிய அந்நூல்களிலே பெரும்பகுதி உணவைப் பற்றியதாகவே இருக்கிறது. எந்த மீனோடு எது சேரும், எந்த இறைச்சியோடு எது சேராது, உப்பு மிகுந்த பதார்த்தத்துக்கு எது துணை, கொழுப்பு மிகுந்ததற்கு எது மருந்து என்றெல்லாம் ஆராய்ந்து எழுதுகிறார்கள்.

இந்நூல்களிலே அண்மைக் காலத்தில் நம்முடைய பெயரும் ஏறியிருக்கிறது. மிளகாய்க் காரத்துக்கு ஏற்ற துணை ஐரோப்பிய மதுக்களுள் றீஸ்லிங்கே என்பது இப்பொழுது அவர்களிடையே பொதுக்கருத்தாகிவிட்டது. தாய்லாந்துக் கறியும் இந்தியக் கறியும் அதற்கு எடுத்துக்காட்டுக்கள். காரணமும் சொல்லுகிறார்கள். மதுசாரம் மிகுந்த பானம் மிளகாயின் எரிவை மேலும் மூட்டிவிடும். மோசல் கரையின் மென்மையான றீஸ்லிங்கிலோ மதுசாரம் 100க்கு 7 முதல் 9 பங்குதான். புளித்து முடியாமல் எஞ்சிய சர்க்கரை காரத்தைத் தணிக்கிறது. அதன் கூரிய புளிப்பு நாவிற் படிந்த எண்ணெயைக் கழுவிவிடுகிறது. இப்படிச் சர்க்கரையும் புளிப்பும் ஒன்றையொன்று விட்டுக்கொடாமல் நிற்பதே அம்மதுவின் சிறப்பாம். பன்றியிறைச்சிக்கும், புளிக்கவைத்த கோவாவுக்கும், குளிர்ந்த ஆறுகளின் ட்ரவுட் மீனுக்கும் அதனை அவர்கள் பரிமாறுவதும் இதே நியாயம்பற்றியே.

இதை வாசித்தபோது எனக்கு வியப்பொன்றும் தோன்றவில்லை. இனிப்பும் புளிப்பும் சமமாய் நின்று, மதுசாரம் குறைந்து, உப்பையும் காரத்தையும் கொழுப்பையும் தாங்கிக்கொள்ளும் வெண்ணிறப் பானம் ஒன்று சிலாபத்திலிருந்து கற்பிட்டி வரையிலுள்ள கரையோரத்திலே நாள்தோறும் மரத்திலிருந்து இறங்குகிறதே என்றுதான் நினைத்தேன். வியப்பதற்கு வேறொன்று இருக்கிறது. அவர்களுடைய நூலிலே நம்முடைய கறி ஏறிவிட்டது. நம்முடைய நூலிலே நம்முடைய கள் ஏறவில்லை.

'கள்' என்ற சொல்லைக் கண்டதும் பத்திரிகையை மடித்துவைக்க எண்ணும் ஆசிரிய நண்பர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். குடிக்குமாறு யாரையும் தூண்டுவது என் கருத்தன்று. கள்ளுண்ணாமை என்று தனி அதிகாரம் வகுத்த வள்ளுவர் பிறந்த மொழியிலேதான் நானும் எழுதுகிறேன். புத்தளத்து இஸ்லாமிய அன்பர்களுக்கு இது விலக்கப்பட்ட பொருள் என்பதையும் அறிவேன். குடியினாலே சீரழிந்த மீனவக் குடும்பங்கள் இக்கரையில் எத்தனையென்று கேட்டால், வீதி வீதியாகச் சென்று காட்ட என்னால் முடியும். ஆயினும், ஒரு பொருளை உண்ணாதிருத்தல் வேறு, அதைப்பற்றி அறியாதிருத்தல் வேறு. காமத்துப்பாலிலே காதலின் இன்பத்தை விளக்க வந்த வள்ளுவரே, உண்டவரையன்றிக் கண்டவரை மகிழ்விக்க இயலாதது என்று கள்ளின் இயல்பைச் சுட்டிக் காட்டுகிறார். அறியாதவர் அவ்வாறு ஒப்பிட்டிருக்க இயலாது.

பத்துப்பாட்டை உ. வே. சாமிநாதையர் 1889இல் நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்து நூற்றாண்டு கடந்துவிட்டது. அந்நூலின் ஆற்றுப்படைகளை நாம் எவ்வாறு படிப்பிக்கிறோம்? பாணனுடைய வறுமை, வள்ளலின் கொடை, இயற்கை வருணனை என்று மூன்று தலைப்பில் அடக்கிவிடுகிறோம். ஆனால் ஆற்றுப்படையென்பது வழிகாட்டும் நூல். பசியோடு நடக்கும் ஒருவனுக்கு, இன்ன ஊரில் இன்னது உனக்குக் கிடைக்கும் என்று சொல்வது அது. ஆகவே எந்த நிலத்திலே எதனோடு எதனை உண்பர் என்பதைத் தமிழில் முதன்முதல் வகைப்படுத்திக் கூறியவர்கள் ஆற்றுப்படைப் புலவர்களே என்று நான் துணிந்து கூறுவேன்.

சிறுபாணாற்றுப்படையை எடுத்துக்கொள்வோம். நல்லியக்கோடனிடம் செல்லும் பாணன் முதலில் எயிற்பட்டினம் என்ற கடற்கரை ஊரை அடைகிறான். அலை கொணர்ந்து ஒதுக்கிய மணமுள்ள மரக்கட்டைகளைத் தீமூட்டி, நுளைமகள் ஒருத்தி வடித்தெடுத்த பழைய தேறலைப் பரதவர் அவனுக்குக் கொடுக்கிறார்கள். அதனோடு வீடுதோறும் அவனுக்குக் கிடைப்பது என்ன? நெருப்பிலே சுட்ட குழல் மீன், அதுவும் உலர்ந்தது. தேறலும் சுட்ட கருவாடும்! அடுத்து வேலூரை அடைந்தால் எயிற்றியர் சமைத்த புளிச்சோறு சூடாகக் கிடைக்கிறது. அதற்குத் துணை ஆமானின் சுட்ட இறைச்சி. பின்னர் மருதநிலத்து ஆமூரிலே வெண்சோறு; அதற்குத் துணை நண்டு. உப்பேறிய கருவாட்டை ஆமூரிலும், வயல் நண்டை எயிற்பட்டினத்திலும் நத்தத்தனார் மாற்றி வைக்கவில்லை. நிலம் மாற உணவு மாறுகிறது. உணவு மாற அதன் துணையும் மாறுகிறது.

பெரும்பாணாற்றுப்படையிலே கடியலூர் உருத்திரங்கண்ணனார் இன்னும் ஒருபடி மேலே போகிறார். அவர் காட்டும் கடற்பட்டினத்திலே, பெண்பன்றிகளோடு சேரவிடாமல் குழியிலே தனியே நிறுத்தி, மாவூட்டிக் கொழுக்க வைத்த ஆண்பன்றியின் கொழுத்த தசை விருந்தாகிறது. அதனோடு கொடுக்கப்படுவது களிப்பு மிக்க கள். கொழுப்பை வெட்டுவதற்குக் கூர்மையான பானம் வேண்டுமென்பதை அறிய ஐரோப்பிய மது நூல்களை நாம் தேடிப்போக வேண்டியதில்லை. இன்றும் சிலாபத்துக்குத் தெற்கே மாதம்பை, மாரவில, வென்னப்புவ என்று நீளும் கத்தோலிக்கக் கரையோரத்திலே, திருநாள் வீடுகளிற் பன்றியிறைச்சிக் கறியும் தென்னங்கள்ளும் பிரியாத இணை. அவ்வீட்டார் பெரும்பாணாற்றுப்படையைக் கேள்விப்பட்டவர்களுமல்லர்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சங்கப் புலவர்க்குக் கள் என்பது ஒரே பொருளன்று. வடித்துத் தெளிந்தது தேறல். அரித்தெடுத்தது அரியல். பிழிந்தது பிழி. நெல்லினின்றும் வீட்டிலே ஆக்கியது தோப்பி. இவையன்றி நறவு, மட்டு என்பனவும் உள. குறிஞ்சி நிலத்தார் தேனாலான தேறலை நெடிய மூங்கிற் குழாயில் இட்டு முதிரவைத்ததைத் திருமுருகாற்றுப்படை கூறுகிறது. ஓக் மரப்பீப்பாவிலே மதுவை முதிரவைக்கும் கலையை மேனாட்டாரிடம் கேட்டு வியக்கும் நம்மவர், மூங்கிலிலே முதிரவைத்ததைப் பாடத்திலே படித்துவிட்டு மறந்து போகிறார்கள். ஜேர்மானியர் தம் மதுவைக் கபினெற், ஷ்பேற்லேசே, அவுஸ்லேசே என்று பழத்தின் முதிர்ச்சியை அளவாகக் கொண்டு தரம்பிரித்து, 1971இல் அதனைச் சட்டமாகவும் ஆக்கினர். ஷ்பேற்லேசே என்றால் பிந்திப் பறித்தது என்றுதான் பொருள். நம்முடைய பெயர்களும் செய்முறையைக் கொண்டு எழுந்தவையே. வேறுபாடு யாதெனில், அவர்களுடைய பெயர்கள் போத்தலின்மேல் ஒட்டப்பட்டிருக்கின்றன. நம்முடைய பெயர்கள் அருஞ்சொற்பொருள் விளக்கத்திலே, எல்லாவற்றுக்கும் 'கள்' என்ற ஒரே பொருளோடு, வரிசையாகப் படுத்திருக்கின்றன.

மது நூலார் அடிக்கடி பேசும் கொள்கையொன்று உண்டு. ஒரு நிலத்தின் மண், காற்று, வெயில், நீர், அங்குள்ளார் தொழில் யாவும் சேர்ந்து அந்நிலத்தின் பானத்துக்குத் தனிச்சுவையைத் தருகின்றன என்பது அது. பிரெஞ்சுக்காரர் இதற்கு ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். பிறமொழியிலே பெயர்க்க இயலாதென்று அதனை அப்படியே வழங்குகிறார்கள். தமிழறிந்தவனுக்கு அதைப் பெயர்ப்பதில் என்ன இடர்ப்பாடு? திணை என்றால் முடிந்துவிட்டது. கருப்பொருள்களை எண்ண வந்த தொல்காப்பியர் தெய்வத்துக்கு அடுத்தபடியாக உணவையே வைக்கிறார். நெய்தலுக்கு உணவு யாதென்று உரைகாரரைக் கேட்டால், மீனும் உப்பும் விற்றுப் பெற்ற பொருள் என்பர். புத்தளத்து உப்பளங்களையும் கற்பிட்டியின் கருவாட்டு வாடிகளையும் கண்டவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

இனி, கரைக்கு வருவோம்.

பாளை விரியுமுன் அதனைக் கட்டி, சிறு கட்டையினால் பலநாள் மெல்லத் தட்டிப் பதப்படுத்தி, நுனியைச் சீவி, முட்டியைக் கட்டுகிறார்கள். சொட்டும்போது அது கள்ளன்று. வெறும் இனிய நீர். ஏறத்தாழ 100க்கு 12 முதல் 15 பங்கு சர்க்கரை அதிலுண்டு. காற்றிலும் முட்டியிலும் உள்ள நுண்ணுயிர்கள் அக்கணமே வேலையைத் தொடங்கிவிடுகின்றன. முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் அவை அடங்கிப்போகும். நீர் இனிப்பாகவே நிற்கும். தடவாவிட்டால் ஒரு நாளுக்குள் சர்க்கரையின் பெரும்பகுதி மதுசாரமாகி, 100க்கு 5 முதல் 8 பங்கு வரை ஏறிவிடும். அதற்கும் மேலே விட்டால் மதுசாரமே புளித்துக் காடியாகும். ஆக, ஒரே முட்டி ஒரே நாளிலே மூன்று நான்கு பானங்களாக மாறுகிறது. ஜேர்மானியன் பழம் முதிர்வதற்காக வாரக்கணக்கிலே காத்திருந்து பெறும் தரங்களைத் தென்னை காலைக்கும் மாலைக்குமிடையே தந்துவிடுகிறது.

இந்த நேரக்கணக்கை அறிந்தவர்கள் அதனோடு சேரும் உணவையும் அறிந்திருந்தார்கள். இறக்கிய சூட்டோடு இனிப்பு மிகுந்து நிற்கும் காலைக் கள்ளுக்கு அவித்த மரவள்ளிக்கிழங்கும், மிளகாயும் உப்பும் வெங்காயமும் இடித்த கட்டாச் சம்பலும். அந்தச் சம்பலின் எரிவை இனிப்புத் தாங்கிக்கொள்ளும். நண்பகலில் இனிப்பு இறங்கிப் புளிப்பு ஏறும்போது களப்பு நண்டு, பொரித்த சூடை, இறால். பின்னேரத்துப் புளித்த கள்ளுக்குப் பன்றியிறைச்சி, அல்லது சுட்ட திருக்கைக் கருவாடு. இவ்வொழுங்கை எனக்கு விளக்கியவர் நாற்பது ஆண்டுகளாக மரமேறிய முதியவர் ஒருவர். காலைக் கள்ளோடு கருவாட்டைத் தின்பவனை அவர் சுவையறியாதவன் என்றே ஒதுக்கிவிட்டார். அவருடைய தீர்ப்போடு எல்லாவிடத்தும் நான் உடன்படேன். நண்டுக்குத் துணை வெறும் சோறே என்று நத்தத்தனார் பக்கம் நிற்பவன் நான். ஆனால் தீர்ப்புக் கூறுவதற்கு அவரிடம் ஓர் அளவுகோல் இருந்தது. றீஸ்லிங் நூலாசிரியர்கள் தம் அளவுகோலை அச்சிட்டிருக்கிறார்கள். அவர் நாவிலே வைத்திருந்தார்.

மணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல்லாண்டு முதிர்ந்த றீஸ்லிங் மதுவிலே மண்ணெண்ணெயை ஒத்த வாசம் வீசும். அதனைக் குற்றமென்று கருதாமல் அரிய குணமென்றே பாராட்டுகிறார்கள் சுவைஞர்கள். நம்மூர்க் கனவான்கள் சிலர் அயல்நாட்டிலே அம்மண்ணெண்ணெய் வாசத்தை முகர்ந்து தலையசைத்துவிட்டு, ஊருக்கு வந்ததும் தவறணைப் பக்கம் போகும்போது மூக்கைப் பொத்திக்கொள்வதை நான் கண்டிருக்கிறேன்.

'தவறணை' என்றவுடன் நினைவுக்கு வருகிறது. இச்சொல் தமிழன்று. தாபெர்னா என்ற இலத்தீன் சொல்லின் வழிவந்த போர்த்துக்கேயச் சொல்லே நம்மிடம் தவறணையாயிற்று. பீப்பா என்பது அவர்கள் மது அடைத்து வைத்த மரக்கலம். கோப்பை அவர்கள் பருகிய கலம். வினாகிரி என்பது அவர்கள் மொழியிலே புளித்த மது. நான்கு சொற்களும் திராட்சை மதுவின் பரிவாரம். மதுவைத் தவிர ஏனையவெல்லாம் இக்கரையிலே இறங்கிக் குடியேறிவிட்டன! மதுவும் வராமலில்லை, ஆனால் அது தேவாலயத்துப் பீடத்தோடு நின்றுவிட்டது. திருப்பலிக்குத் திராட்சை இரசமே வேண்டுமென்பது கத்தோலிக்கத் திருச்சபையின் விதி. ஆகவே தலவில் அன்னம்மாள் ஆலயத்திலே குருவானவர் கையிலுள்ளது திராட்சையின் இரசம். கோயிலுக்கு வெளியே, அதே கடற்காற்றிலே, தென்னையின் இரசம். இவற்றுக்கும் முன்னே யவனர் கொணர்ந்த மது தமிழ்நாட்டிலே இறங்கியிருக்கிறது. பாண்டியன் நன்மாறன் அதனைப் பொற்கலத்தில் அருந்தியதை நக்கீரர் புறநானூற்றிலே பாடுகிறார். 1945இல் வீலர் அரிக்கமேட்டை அகழ்ந்தபோது அத்தகைய மதுச்சாடிகளின் ஓடுகள் வெளிப்பட்டன.

மதுவாகாத வடிவிலும் இந்நீருக்கு இங்கே பெரிய வாழ்வு உண்டு. 1344இல் இபுன் பத்தூத்தா வந்திறங்கிய பத்தாலா என்ற துறை நம் புத்தளமே என்பர் ஆய்வாளர். தென்னையைப் பற்றித் தம் பயணநூலில் விரிவாக எழுதிய அப்பெரியார், காலையும் மாலையும் மரத்திலேறி எடுக்கும் நீரைக் காய்ச்சித் தேன் ஆக்கும் முறையையும் எழுதிவைத்திருக்கிறார். மார்க்கம் அறிந்த நீதிபதியாகிய அவருக்கு அதைப்பற்றி எழுதுவதிலே கூச்சம் ஏற்படவில்லை. அந்தத் தேனைத்தான் நாம் பாணி என்கிறோம். புளித்து முற்றினால் வினாகிரி. அச்சாறுக்கு அதுவே உயிர். இவ்விரண்டுக்கும் நடுவே, மதம் எதுவாயினும் எல்லாச் சமையலறையிலும் புகுந்திருந்த ஒரு பயன் உண்டு. அப்பத்துக்கு மாப்புளிக்க வைப்பதற்கு முன்னாளில் ஊற்றியது கள்தான். கள்ளிலுள்ள நுண்ணுயிரே மாவை உப்பச் செய்து, அப்பத்தின் நடுவை மெத்தென்றும் ஓரத்தை மொறுமொறுப்பாகவும் ஆக்கியது. கள்ளைத் தொடாதவரின் வீட்டிலும் காலையுணவிலே அதன் கைவண்ணம் இருந்தது. இப்பொழுது கடையில் வாங்கும் ஈஸ்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. உப்பச் செய்வதில் அது குறைவைக்கவில்லை. மெல்லிய புளிப்பைத் தருவதற்குத்தான் அதற்குத் தெரியவில்லை.

இவற்றையெல்லாம் இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சுவை அழிகிறதென்பது மட்டுமன்று என் கவலை, சொல் அழிகிறது. நீர்கொழும்பிலிருந்து சிலாபம் கடந்து செல்லும் இக்கரையிலே தமிழ் பேசிய கத்தோலிக்க ஊர்கள் எத்தனையோ இருந்தன. சென்ற நூற்றாண்டிலே பள்ளிக்கூட மொழி சிங்களமாயிற்று. பின்னர் வீட்டு மொழியும் அவ்வாறே ஆயிற்று. அதை இங்கே வழக்காட நான் வரவில்லை. மொழி மாறிய வீடுகளிலும் அடுப்படிச் சொற்கள் கடைசிவரை நின்றன என்பதையே சொல்ல வருகிறேன். உடப்பிலே கரைவலை இழுப்போரின் அம்பாப் பாடல்களைத் தொகுக்க அறிஞர்கள் முன்வந்தார்கள், நன்று. ஆனால் வலையிழுத்துக் களைத்தவன் எதை உண்டான், எதனோடு உண்டான், அதற்கு என்ன பெயரிட்டான் என்பதைத் தொகுத்தவர் யார்? 1834இல் இலங்கையின் ஊர்களை அகரவரிசைப்படுத்தியும், 1859இல் தமிழ்ப் புலவர்களின் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதியும் வைத்த சைமன் காசிச்செட்டி கற்பிட்டியிலே பிறந்தவர். அவர் பிறந்த மண்ணிலே பாளைக்கும் முட்டிக்கும் ஓர் அகராதி தோன்றவில்லை.

ஏன் தோன்றவில்லை என்பதற்கு விடை நமக்குத் தெரியும், சொல்லக் கூசுகிறோம். கள்ளை நாம் இழிவாக எண்ணியது குடியின் தீமைக்காக மட்டுமன்று. அதை இறக்கியவனை இழிவாக எண்ணினோம். குடியே காரணமாயின், சாராயக் குத்தகையிலே பெரும்பொருள் திரட்டிய குடும்பங்களுக்கு இந்நாட்டிலே அவ்வளவு மதிப்பு வந்திராது. மரமேறியவன் பெற்றது ஏச்சு. மரத்தின் நீரைக் காய்ச்சி விற்றவன் பெற்றது மாளிகை.

ஒருமுறை உயர்தர வகுப்பிலே சிறுபாணாற்றுப்படையின் நெய்தற் பகுதியை நான் படிப்பித்துக்கொண்டிருந்தேன். நுளைமகளின் தேறல் வந்த இடத்திலே மாணவர் சிலர் பின்வாங்கிலிருந்த ஒருவனைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தனர். அவனுடைய தகப்பனார் சீவல் தொழிலாளர். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அந்தப் பகுதியின் பொருளை அந்த வகுப்பிலே என்னைவிட நன்கு அறிந்திருக்கக்கூடியவன் அவன் ஒருவனே. அரித்தல் என்றால் என்ன, தெளிதல் என்றால் என்ன, பழமை ஏறினால் எப்படியிருக்கும் என்று கேட்டேன். நெடுநேரம் பேசாதிருந்துவிட்டுப் பன்னாடையால் அரிப்பதைப் பற்றி இரண்டு வசனம் சொன்னான். அவ்விரண்டு வசனத்தில் இருந்த தெளிவு நான் வைத்திருந்த உரைநூலில் இல்லை. அன்று மாலையே பெற்றோர் ஒருவர் என்னிடம் வந்து, பிள்ளைகளுக்குக் கள்ளைப்பற்றி ஏன் படிப்பிக்கிறீர்கள் என்று கடிந்துகொண்டார். அவர் கையிலே பரிசுப்பொருளாக வந்த ஒரு வெளிநாட்டு மதுப்போத்தல் இருந்ததாக எழுதினால் கதை நன்றாக முடியும். ஆனால் அப்படியொன்றும் இருக்கவில்லை. அவர் குடியையே வெறுத்த நல்ல மனிதர். அவரோடு எனக்கிருந்த கருத்து வேறுபாடு இதுதான்: குடியை வெறுப்பதற்கு ஒரு மாணவனின் தலை குனிய வேண்டியதில்லை.

சட்டமும் இவ்விஷயத்திலே நமக்குப் பெரிதாக உதவவில்லை. 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் வந்தபோது கள்ளுத் தவறணைகள் பெருகின. அதனை எதிர்த்தெழுந்த மதுவிலக்கு இயக்கத்திலே பின்னாளில் நாட்டையாண்ட தலைவர்கள் பலர் பொதுவாழ்வுக்குப் பயின்றனர். அவர்கள் எதிர்ப்பு நியாயமானதே. ஆயினும் அதன் பின்னர் நேர்ந்ததென்ன? கள் ஒதுங்க ஒதுங்க அதனிடத்திலே கசிப்பு வந்தது. சீனியைக் கரைத்துச் செய்யும் பொய்க்கள் வந்தது. தமிழ்நாட்டின் கதை இன்னும் விந்தையானது. அங்கே 1987 முதல் கள் விலக்கப்பட்ட பொருள். ஆலைகளிற் செய்த மதுவகைகளை அரசே 2003 முதல் கடை வைத்து விற்கிறது. மரத்திலிருந்து இறங்குவது குற்றம், ஆலையிலிருந்து வருவது வருமானம் என்பது எந்த அறநூலின் முடிபு என்று எனக்கு விளங்கவில்லை. அயலிலுள்ள கேரளத்திலே கள்ளுக்கடையென்றாலே மரவள்ளியும் மீன்கறியும் என்று பெயர் பெற்றிருக்கிறது; குடியாதவரும் உணவுக்காக அங்கே போகிறார்கள்.

உணவோடு கூடிய பானத்துக்கு அளவு உண்டு என்பது என் துணிபு. சோறும் கறியும் முடிந்தால் அதுவும் முடியும். உணவைப் பிரித்துவிட்டாலோ எஞ்சுவது வெறிப்பதற்காகக் குடிப்பது ஒன்றே. போத்தலை ஒளித்து நின்றபடியே விழுங்கிவிட்டுப் போகிறவனுக்குச் சுவையைப் பற்றி என்ன கவலை? ஒரு சமுதாயம் ஒன்றைப் பற்றிப் பேசக் கூசும்போது அதன் நல்ல பகுதிதான் முதலில் மறைகிறது. கெட்ட பகுதி இருட்டிலே செழித்து வளர்கிறது.

ஜேர்மானியர் 1872இல் கைசன்ஹைமில் கொடிமுந்திரிக்கும் பிற கனிகளுக்குமாக ஒரு கல்விக்கூடம் அமைத்தனர். நமக்கும் ஒன்று உண்டு. 1929இல் தோன்றிய தென்னை ஆராய்ச்சி நிலையம் இதே புத்தளம் மாவட்டத்து லுணுவிலயிலேதான் இருக்கிறது. தென்னையின் நோய், உரம், இனக்கலப்பு, விளைச்சல் யாவும் அங்கே ஆராயப்படுகின்றன. அந்த அறிஞர்களிடம் சொல்லகராதியையும் கேட்பது நியாயமன்று. அது தமிழாசிரியரின் வேலை.

ஆகவே உடப்பு, முந்தல், சிலாபம், புத்தளம், கற்பிட்டி ஆகிய ஊர்களிலே தமிழ் படிப்பிக்கும் நண்பர்களிடம் ஒன்று கேட்கிறேன். வரும் விடுமுறையிலே மாணவர்களுக்கு 'நான் கண்ட கனவு' என்ற கட்டுரையைக் கொடாதீர்கள். வீட்டிலுள்ள பாட்டிமாரிடம் சில வினாக்களைக் கேட்டெழுதச் சொல்லுங்கள். அப்பத்துக்கு மாவைக் கரைக்கும்போது எத்தனை மணிக் கள் வேண்டியிருந்தது? ஒரு கொத்து அரிசி மாவுக்கு எவ்வளவு? அதிகமாகிவிட்டால் அப்பத்துக்கு என்ன நேரும். அந்தக் கேட்டுக்குப் பெயர் உண்டா? இனிப்பான நீருக்கும் பாதி புளித்ததற்கும் முற்றப் புளித்ததற்கும் அவ்வூரார் இட்ட பெயர்கள் யாவை? எந்தக் கருவாட்டைச் சுட வேண்டும், எதனைப் பொரிக்க வேண்டும், எதனைக் குழம்பில் மட்டுமே இட வேண்டும்? சீவல் தொழிலாளரின் பிள்ளைகள் வகுப்பிலிருந்தால் அவர்களுக்குத் தனியே ஒரு பக்கம் கொடுங்கள்: கத்தியின் பெயர், தட்டும் கட்டையின் பெயர், பாளையைக் கட்டும் நாரின் பெயர், முட்டியைத் தூக்கும் கயிற்றின் பெயர். நான் கேட்ட ஒரேயொரு வீட்டிலே, மாவைப் புளிக்கவிடும் நேரத்தைக் கடிகாரத்தால் அல்லாமல் கடற்காற்று திரும்பும் நேரத்தால் கணக்கிட்டதாகச் சொன்னார் எண்பது வயது மூதாட்டி ஒருவர். அந்தக் காற்றுக்கு அவர் வழங்கிய பெயரை எழுதிக்கொண்டு வந்து, என்னிடமுள்ள அகராதிகளிலே தேடிப் பார்த்தேன். எதிலும் இல்லை.